1930 ரிப்பன் மாளிகை ஒலிபரப்பை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம்: எங்கே இடிக்கிறது?

பெரம்பூர் மேடைக்காரன்:

பழைய வானொலி தெரிந்தவர்கள் யாராவது எனக்குக் கொஞ்சம் புத்தி சொல்ல வேண்டும்.

நான் வியாசர்பாடியில் ஒரு தொழிற்கூடத்தில் ஸ்டோர் பொறுப்பாளர். பகலெல்லாம் நட்டும் போல்ட்டும் எண்ணுகிறேன், மாலையில் நாடகம் போடுகிறேன். குழுவில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேருக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட். பெரம்பூர் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி ஹாலில்தான் ஒத்திகை. காதல் வசனம் உச்சத்துக்கு வரும்போது சரக்கு ரயில் வரும். நாற்பது பெட்டி போகும்வரை கதாநாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

புது நாடகத்தின் காலம் 1930. சென்னை மாநகராட்சியே ரிப்பன் மாளிகையிலிருந்து வானொலி நடத்திய காலம். நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ரேடியோ என்றால் மனம் நேராகக் கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்குத்தான் போகிறது. அதற்கும் முன்னால், 1924-இல், கிருஷ்ணசுவாமி செட்டி என்ற பொறியாளர் முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பித்தது. முதலில் இருந்த கருவி 40 வாட். எங்கள் ஹாலில் எரியும் குண்டு பல்பு 60. பிறகு 200 வாட் கருவி வந்தது. மூன்று ஆண்டில் காசு தீர்ந்து கிளப்பை மூடினார்கள், கருவி மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி தினமும் மாலை 5:30 முதல் 7:30 வரை நிகழ்ச்சி நடத்தியது. ஏப்ரல் முதல் தேதி! நானாக இட்டுக்கட்டி எழுதியிருந்தால், தேதியை மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

என் நாடகம் அங்கே ஒரே ஒரு மாலைப்பொழுதில், ஒரே அறைக்குள் நடக்கிறது. ஓர் அறிவிப்பாளர், ஓர் இன்ஜினீயர், ஒரு பாகவதர், அவருடைய மிருதங்க வித்வான், சுகாதாரம் பற்றி ஐந்து நிமிடம் பேச வந்து எழுந்திருக்க மறுக்கும் ஒரு கவுன்சிலர், காபி வாங்கி வரும் பையன். எல்லோரும் என் கற்பனை. கவுன்சிலர் ஓய்வாக உட்கார்ந்து தன் வட்டாரத்து ஜனங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அது டேப்பில் பதிவாகிவிடும். பாட்டு போடுவதற்குப் பதில் இன்ஜினீயர் அந்த டேப்பைப் போட்டுவிடுவார். ஊரே கேட்கும். நாடகத்தின் உயிரே அந்த இடம்தான் என்று நினைத்தேன்.

போன மாதம் ஓர் அடுக்ககத்தின் ஆண்டு விழாவில் நாற்பது நிமிடம் போட்டோம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தூங்கியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. டேப் காட்சியில் மேடையே கத்தியது, கூட்டம் சுண்டலில் கவனமாக இருந்தது. அதற்குள் வாடகை மைக் கீச்சென்று அலறி அடங்கிவிட்டது. மைக் செட் கொண்டுவந்தவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் இன்சுலேஷன் டேப்பும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக நேராக எங்கள் ஸ்டூடியோவுக்குள் நடந்து வந்தார். பாகவதரைத் தள்ளி உட்காரச் சொன்னார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "அலோ, அலோ" என்றார். கவுன்சிலரைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் வாயை மூடினால் நான் வேலையைப் பார்ப்பேன்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் வேறு. அவர் போன பிறகு எங்களை ஏன் மேடையில் இன்னும் நிற்கிறீர்கள் என்பது போலப் பார்த்தார்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. எங்கே இடிக்கிறது? அக்காலத்து வானொலி அறைக்குள் உண்மையில் என்னதான் நடந்திருக்கும்? நாடகம் தொடங்கும் வரி, "இது ஆல் இந்தியா ரேடியோ". அதையாவது காப்பாற்ற முடியுமா?


வால்வு வாத்தியார்:

காப்பாற்ற முடியாது தம்பி. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே 1936-இல்தான் வந்தது. அந்த நிலையம் சென்னையில் திறக்கப்பட்டது 1938 ஜூன் 16. உங்கள் அறிவிப்பாளர் 1930-இல் அப்படிச் சொன்னால் அவர் அறிவிப்பாளர் அல்ல, ஜோசியர்.

டேப்பும் அப்படித்தான். 1930-இல் நம் ஊரில் ஏது டேப்? பேசியது பேசிய அந்த நொடியிலேயே ஊருக்குள் போய்விடும், திரும்ப எடுக்க வழி கிடையாது. உங்கள் காட்சி ஏன் இடிக்கிறது என்று இப்போது புரிகிறதா? பதிவு செய்த பேச்சு தவறிப் போய் ஒலிபரப்பாவது இன்றைய பயம். அன்றைக்கு இருந்தவர்களின் பயம் வேறு. அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு சத்தமும், தும்மல், செருப்பு, காபி டம்ளர், எல்லாமே ஒலிபரப்புதான். மைக் திறந்திருக்கும்போது யாருக்கும் சொந்த வாழ்க்கை கிடையாது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருடம் வால்வு ரேடியோ பழுது பார்த்தவன். ஒலிபரப்பு நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. ஆனால் பழைய கருவிகளின் குணம் தெரியும். மாமியாரைப் போல: ஏன் கோபம் என்று சொல்லாது, கோபமாக இருப்பது மட்டும் தெரியும்.

அந்தக் காலத்து கார்பன் மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கரித்துகள் நிரப்பியிருக்கும். முன்னால் ஒரு மெல்லிய தகடு. குரல் தகட்டில் பட்டால் துகள்கள் நெருங்கும், விலகும், அதற்கேற்ப மின்சாரம் ஏறி இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். யாரும் பேசாதபோதும் "ஸ்ஸ்" என்று இரைந்துகொண்டே இருக்கும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குரல் மங்கிவிடும். வைத்தியம் என்ன தெரியுமா? விரலால் மெல்லத் தட்டுவது. உங்கள் லுங்கிக்காரர் மேடையில் வந்து இரண்டு தட்டுத் தட்டினார் அல்லவா, 1930-க்குள் நுழைந்த ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான்! அவரை விட்டுவிடாதீர்கள்.

இப்போது பாகவதரையும் மிருதங்கத்தையும் கவனியுங்கள். ஒரே மைக் என்றால் ஒவ்வொருவருடைய சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி கிடையாது. ஏற்றுவதென்றால் ஆளை அருகில் உட்கார வை, இறக்குவதென்றால் ஆளை நகர்த்து. தம்புரா மைக்குக்குப் பக்கத்தில். பாடுகிறவர் ஒரு முழம் தள்ளி. வயலின் அதற்கும் பின்னால். மிருதங்கம்? தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைப் பூசிக்கொண்டு அவர் ஒரு அடி அடித்தால் கருவியிலுள்ள மீட்டரின் ஊசி துள்ளும். ஆகவே அவரைச் சுவரோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்தக் கச்சேரியிலாவது மிருதங்க வித்வானைச் சுவரோரம் உட்காரச் சொல்லிப் பாருங்கள். ஜமக்காளத்தின் நடு மடிப்பு எங்கே என்று பார்த்து உட்காருகிறவர்கள் அவர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவர் அரை அடி முன்னால் நகர்ந்திருப்பார். இன்ஜினீயர் பேச முடியாது, மைக் திறந்திருக்கிறது. கையைக் காட்டுவார். இவர் பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடிப்பார். இதற்கு வசனமே வேண்டாம்.

இசைத்தட்டு போடுவதிலும் விஷயம் இருக்கிறது. அரக்கில் செய்த தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும், சாவி கொடுக்க வேண்டும். சாவி குறைந்தால் எந்தப் பெண் பாடினாலும் கடைசியில் ஆண் குரலாகி முடியும். ஆகவே பாகவதர் வரவில்லை என்றால் அறிவிப்பாளருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு ஆளைப் பிடித்துப் பாட வைக்க வேண்டும், இல்லையென்றால் மறு பக்கத்தைத் திருப்ப வேண்டும். நாடகத்துக்கு இதைவிட நல்ல கடிகாரம் உண்டா?

கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரிப்பன் மாளிகையின் கோபுரக் கடிகாரம் 1913-லிருந்து அங்கே இருக்கிறது, கால் மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். உங்கள் ஒலிபரப்பு 5:30-க்குத் தொடங்குகிறது என்றால், "மகா ஜனங்களுக்கு நமஸ்காரம்" என்று அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் நொடியில் தலைக்கு மேலே "டிங், டாங்". நாடகத்தில் தாராளமாக வைக்கலாம். ஜன்னலை அடைத்துக் கம்பளி தொங்கவிட்டாலும் முழுதாக அடங்காது. கம்பளி தொங்கவிட்ட அறையில் மின்விசிறியும் போட முடியாது, அதன் சத்தம் மைக்கில் விழும். ஏப்ரல் மாதம். சரிகை அங்கவஸ்திரத்தோடு பாகவதர். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்.


ஒலித்தடம்:

வாத்தியார் ஐயா சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். சென்னையில் மட்டுமல்ல, வானொலி பிறந்த இடங்களிலும் இதே கூத்துதான்.

லண்டனில் பிபிசி தன் தினசரி ஒலிபரப்பை 1922 நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கியது. செய்தி வாசித்தவர் ஆர்தர் பரோஸ். ஒரே செய்தியை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை நிதானமாகவும் வாசித்துவிட்டு, எது வசதி என்று நேயர்களிடம் கேட்டார். அதற்கும் சில மாதங்கள் முன்னால், ரிட்டில் என்ற கிராமத்தில், பழைய ராணுவக் கொட்டகை ஒன்றில் பீட்டர் எக்கர்ஸ்லி என்ற மார்க்கோனி இன்ஜினீயர் செவ்வாய்க்கிழமைதோறும் அரை மணி நேரம் ஒலிபரப்பினார். கச்சேரி நடத்த விட்டதே பெரிது என்று இருக்க வேண்டிய மனிதர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கோமாளித்தனம் எல்லாம் செய்வார். கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று.

1920-இல் புகழ்பெற்ற பாடகி நெல்லி மெல்பா செம்ஸ்ஃபோர்டில் பாட வந்தார். உயரமான ஏரியல் கம்பத்தைக் காட்டி, "அந்த உச்சியிலிருந்துதான் உங்கள் குரல் போகும்" என்று பொறியாளர் பெருமையாகச் சொன்னாராம். அதன் மேல் ஏறிப் பாடச் சொல்கிறார்கள் என்று அம்மையார் நினைத்துக்கொண்டார் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

1924 ஜனவரியில் பிபிசி ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது, இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேசுவதுதான் கதை. வானொலியில் எதையும் பார்க்க முடியாது என்ற குறையைக் கதையாகவே மாற்றிவிட்டார்கள்.

அறிவிப்பாளர்கள் முகம் தெரியாத நேயர்களுக்காக இரவு விருந்து உடை, கறுப்புக் கோட்டும் போ டையும், அணிந்து மைக் முன்னால் உட்கார்ந்த காலமும் அங்கே உண்டு. உங்கள் அறிவிப்பாளருக்கும் அப்படி ஒரு கோட்டு மாட்டிவிட்டால் என்ன அண்ணா? பார்த்ததுமே சிரிப்பு வரும்.


பெரம்பூர் மேடைக்காரன்:

வாத்தியார் ஐயா, காலில் விழுகிறேன். நேற்று ராத்திரியே டேப்பை எடுத்துவிட்டேன். பதினோரு பக்கம் போயிற்று. கவுன்சிலராக நடிப்பவருக்கு அதில்தான் பெரிய வசனம், இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஒலித்தடம் தம்பி, மெல்பா கதையைப் படித்துவிட்டு ஸ்டோரில் தனியாகச் சிரித்தேன். லோடு இறக்க வந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் கறுப்புக் கோட்டு வேண்டாம். அது அந்த ஊரின் கிறுக்கு. நம் ஊர் மனிதர் மைக் முன்னால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்வார்? செருப்பைக் கழற்றுவார். அறிவிப்பாளர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கை ஒருமுறை கும்பிட்டுவிட்டு உட்காருவதாக எழுதியிருக்கிறேன். கவுன்சிலர் பூட்ஸோடு உள்ளே வருவார், பூட்ஸ் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். மாநகராட்சியின் குரலாக முதலில் ஊருக்குப் போவது அந்த பூட்ஸ்தான்.

ஒரு சந்தேகம். ஆர்மோனியத்தை வானொலியில் தடை செய்தார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். போர்வைக்குள் ஆர்மோனியத்தை மறைத்துக் கொண்டுவரும் காட்சி ஒன்று வைக்கலாமா?


வால்வு வாத்தியார்:

தடை வந்தது 1940 மார்ச். ஆல் இந்தியா ரேடியோவில். 1971 வரை இருந்தது. நல்ல காட்சிதான், பத்து வருடம் பொறுத்திருங்கள்.


ராயபுரத்து மருமகள்:

எல்லோரும் ஸ்டூடியோவுக்குள்ளேயே நிற்கிறீர்களே, கேட்டவர்களை மறந்துவிட்டீர்களா?

1930-இல் எத்தனை பேர் வீட்டில் ரேடியோ இருந்திருக்கும்? அதனால்தான் மாநகராட்சி பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தது. மெரினாவில், உயர்நீதிமன்றக் கடற்கரையில், பீப்பிள்ஸ் பார்க்கில், அப்புறம் எங்கள் ராபின்சன் பூங்காவில். ராபின்சன் பூங்கா என்றால் எல்லோருக்கும் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடங்கிய கூட்டம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பத்தொன்பது வருடம் முன்பே அங்கே கூட்டம் கூடிப் பாட்டு கேட்டிருக்கிறது. அரசியல் வந்தது அப்புறம்தான்.

என் கணவரின் பாட்டி சிறுமியாக இருந்தபோது அங்கே கேட்டவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: முதல் நாள் எல்லோரும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்களாம். பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று. இரண்டாம் நாள் வேர்க்கடலைக்காரர் கூவியபோது கூட்டம் அவரை "உஷ்" என்று அடக்கியதாம். அவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாராம். வியாபாரம் போயிற்று என்று அவர் புலம்பியதைப் பாட்டி நடித்தே காட்டுவார், எண்பது வயதில்.

எனக்கு ஒரு யோசனை. மேடையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் ரிப்பன் மாளிகை அறை, மறு பக்கம் ராபின்சன் பூங்கா. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. இப்போது பாருங்கள்: அறைக்குள் இருக்கிறவர்களுக்குத் தங்கள் குரல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. தெரிந்துகொள்ள என்ன வழி? அந்தக் காபிப் பையனை சைக்கிளில் அனுப்ப வேண்டியதுதான். சென்ட்ரல் பக்கம் வந்து, வால்டாக்ஸ் சாலையில் ஏறி, தங்கசாலை தாண்டி, வண்ணாரப்பேட்டை வழியாகப் பூங்கா. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நடுவில் நின்று ஒரு பாட்டுக் கேட்டால் இன்னும் தாமதம். (இப்போது என்றால் தீபாவளி நேரத்தில் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் மாட்டிக்கொண்டு மறுநாள்தான் திரும்புவான்.)

பையன் கொண்டுவரும் சேதி எப்போதுமே இருபது நிமிடம் பழசாக இருக்கும். "ஐயா, ஒன்றும் கேட்கவில்லை" என்று ஓடி வருவான். அதற்குள் மைக்கைத் தட்டிச் சரி செய்திருப்பார்கள். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டு எல்லோரும் நிம்மதியாகப் பேச ஆரம்பிப்பார்கள். பாகவதர் அங்கவஸ்திரத்தை உதறிவிட்டு விசிறிக்கொள்வார். கவுன்சிலர் வாக்காளர்களைத் திட்டுவார். மறு பக்கம் ராபின்சன் பூங்காவில் அந்த வாக்காளர்கள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் டேப் காட்சி டேப் இல்லாமலே கிடைத்துவிட்டது, பாருங்கள்.


வால்வு வாத்தியார்:

அம்மா, நாற்பது வருடம் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டியவன் நான். அதன் எதிரில் உட்கார்ந்தவனைப் பற்றி யோசிக்கவே இல்லை. காதில் விழாத சத்தத்தைத் தேடிப் போகும் அந்தப் பையன்தான் நாடகம்.

ஒரு திருத்தம் மட்டும். இன்ஜினீயர் காதில் ஹெட்போன் மாட்டித் தன் கருவியிலிருந்து சத்தம் புறப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள முடியும். ஆகவே, "இங்கிருந்து போய்விட்டது, அங்கே வந்து சேர்ந்ததா என்பதுதான் தெரியாது" என்று அவர் சொல்ல வேண்டும். தபால்காரர் போல. பூங்காவில் ஒலிவாங்கும் பெட்டி பழுதாகியிருக்கலாம், ஏரியல் அறுந்திருக்கலாம், மின்சார டிராம் கம்பியில் பொறி பறந்தால் கரகரவென்று இரைச்சல் கிளம்பியிருக்கலாம். எதற்கும் ரிப்பன் மாளிகை இன்ஜினீயர் பொறுப்பில்லை. ஆனால் திட்டு அவருக்குத்தான்.


ஒலித்தடம்:

அக்கா, பிரமாதம். என் கோட்டு யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பூங்காப் பக்கம் மழை வர வேண்டும் என்றால் முறத்தில் உளுந்தைப் போட்டு மெல்லச் சாய்த்தால் போதும். இடிக்கு ஒரு தகரம். பழைய வானொலி நாடகச் சத்தங்களெல்லாம் சமையலறையிலும் காயலான் கடையிலும் கிடைப்பவைதான். குதிரைக்குக் கொட்டாங்கச்சி.


பெரம்பூர் மேடைக்காரன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று முழு ஒத்திகை.

மேடையை இரண்டாகப் பிரித்துவிட்டோம். நடுவில் சுவர் இல்லை, சாக்பீஸால் ஒரு கோடு. அறைக்குள்ளேயும் மிருதங்கத்துக்காக ஒரு கோடு. வாத்தியார் ஐயா சொன்னபடி வசனமே வைக்கவில்லை. முதல் பாட்டில் மிருதங்கக்காரர் கோட்டுக்குப் பின்னால். இரண்டாவதில் முழங்கால் கோட்டின் மேல். மூன்றாவதில் இன்ஜினீயர் தவழ்ந்து போய், வித்வானின் ஜமக்காளத்தை அவரோடு சேர்த்துப் பின்னால் இழுக்கிறார். அவர் கண்ணை மூடித் தனியாவர்த்தனம் வாசித்துக்கொண்டே பின்னோக்கி நகர்கிறார். அதற்குள் வழக்கம்போல சரக்கு ரயில் வந்தது. முதல் முறையாக யாரும் நிறுத்தவில்லை. அறிவிப்பாளர் மைக் அருகில் குனிந்து, "மகா ஜனங்கள் பொறுத்தருள வேண்டும், வாயுபகவான் சென்ட்ரல் பக்கம் போகிறார்" என்றார். அவருக்கு அப்படியெல்லாம் தோன்றும் என்று இருபது வருடத்தில் எனக்குத் தெரியாது. அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேன். மேடையில் ரயில் வராதே என்றால், ரயில் சத்தத்துக்கு ஒலித்தடம் தம்பிதான் ஏதாவது முறமோ தகரமோ சொல்ல வேண்டும்.

பையன் காட்சி இப்படி வந்திருக்கிறது:

பையன்: (மூச்சு வாங்க) ஐயா, பூங்காவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறிவிப்பாளர்: ஒன்றுமே கேட்கவில்லையா?

பையன்: ஒன்றுமே.

கவுன்சிலர்: அப்படியானால் நான் இதுவரை பேசிய சுகாதாரம்?

இன்ஜினீயர்: இங்கிருந்து போய்விட்டது.

கவுன்சிலர்: எங்கே?

இன்ஜினீயர்: (மேலே பார்த்து) அது எனக்குத் தெரியாது.

மறு பக்கத்தில், பூங்காவில், வேர்க்கடலைக்காரரும் தலையை உயர்த்தி மேலே பார்க்கிறார். மருமகள் அம்மா, அந்த வேர்க்கடலைக்காரரை உங்கள் வீட்டுப் பாட்டியிடமிருந்து திருடியதற்கு மன்னிக்க வேண்டும். கவுன்சிலராக நடிப்பவர் பதினோரு பக்கம் போன துக்கத்தில் இருந்தார். இப்போது ஊரே கேட்கத் திட்டலாம் என்றதும் சமாதானமாகிவிட்டார்.

மைக் செட்காரரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வியாசர்பாடி மார்க்கெட் பக்கம்தான் அவருடைய கடை. இன்ஜினீயரின் உதவியாளர் வேடம், மொத்தம் இரண்டு தட்டு, ஒரு "அலோ", ஒரு வசனம் என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டார். ஒத்திகைக்குப் புது வேட்டி கட்டி, விபூதி பூசி, தலை வாரி வந்தார். மைக் முன்னால் நின்றதும் கை நடுங்கியது. மைக்கைத் தொடவே இல்லை, தூரத்திலிருந்து கும்பிட்டார். "ஐயா, அன்றைக்கு வந்த மாதிரி வாருங்கள்" என்றேன். "அன்றைக்கு மைக் நிஜமாகவே கெட்டிருந்ததே" என்றார்.

யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அவருக்குத் தெரியாமல் மைக் ஒயரை யாராவது ஒருவர் கழற்றிவிடுவார்கள். லுங்கியிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது ரேட் சொல்லிவிட்டுப் போனார்: மைக் வாடகை தனி, ரிப்பேர் கூலி தனி, நடிப்புக்கு ஒன்றும் வேண்டாமாம்.